‘முன்பு’ படத்துப் பெண்மணி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நகர் நலச்சங்கத்தில் ஓர் ஆரோக்கிய முகாம். பாரிவாக்கத்தில் புதிதாக முளைத்திருக்கும் நகர்களில் எங்களுடையதும் ஒன்று. ரோடு இன்னும் வரவில்லை. தண்ணீர் லாரி அதற்குத் தோன்றினால் வருகிறது. முகாம் மட்டும் வந்துவிட்டது!

ஷாமியானாவுக்குக் கீழே டை கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்தார். மனோதத்துவ நிபுணராம். எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை – டை கட்டியிருந்தாரே, போதாதா? தலைப்பு, ‘பருமனும் பர்சனாலிட்டியும்’.

“குண்டாக இருப்பவர்கள் மூன்று வகை” என்றார். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவர்கள். எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பவர்கள். உள்ளுக்குள் அழுதுகொண்டே இருப்பவர்கள். மூன்று வகைக்கும் பொதுவானது ஒன்று உண்டாம்... மன உறுதி கிடையாது!

கூட்டம் கைதட்டியது. ஒல்லியானவர்கள் பலமாகத் தட்டினார்கள். பருமனானவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள் – தட்டாவிட்டால் தங்களைத்தான் சொன்னார் என்று ஆகிவிடுமே! முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் மட்டும் கைதட்டாமல், புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார்.

பேச்சு முடிந்து டீயும் போண்டாவும் வந்தன. மன உறுதியைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கியவர் நாலாவது போண்டாவை எடுத்தபோது நான் எழுந்து வந்துவிட்டேன்.

கோபத்தில் இல்லை. கூச்சத்தில். அந்த ஆள் பேசியதை அவருக்கு முன்பே நான் எழுதியிருக்கிறேன். அச்சிலும் வந்திருக்கிறது. ஐயாயிரம் பிரதிகள்!

எண்பதுகளில் நான் அம்பத்தூரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய தெருவில் ஒரே ஒரு ஷட்டர் அளவுக்கு இடம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி – இவைதான் பிழைப்பு. ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்துவது என் வேலை. கூடவே, எழுத வராத வாடிக்கையாளர்களுக்கு நோட்டீஸ் வாசகம் எழுதித் தருவதும். செத்தவர்களுக்கு “ஆறாத் துயரம்” என்றும், மளிகைக் கடைத் திறப்புக்கு “அலைகடலென வாரீர்” என்றும் எழுதி எழுதி, எனக்கு எழுத வரும் என்ற எண்ணம் ஏற்பட்டிருந்தது. அந்த வியாதி இன்னும் குணமாகவில்லை. வாரா வாரம் நீங்களும்தான் பார்க்கிறீர்களே!

ஒரு நாள் ஒரு ‘டாக்டர்’ வந்தார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை மாடியில் எடை குறைப்பு நிலையம் ஆரம்பித்திருக்கிறாராம். போர்டில் பெயருக்கு முன்னால் டாக்டர் இருந்தது. எதற்கு டாக்டர் என்பது இல்லை. இடுப்பில் பெல்ட்டை மாட்டி சுவிட்சைப் போட்டால் ஆளை உலுக்கி எடுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. சிங்கப்பூர் மெஷின். ஒரு பொடியும் இருந்தது. அது எந்த ஊர் என்று சொல்லவில்லை.

மேஜைமேல் இரண்டு போட்டோக்களை வைத்தார்.

முதலாவது, ஸ்டூடியோவில் எடுத்த படம். பின்னால் திரையில் பூங்காவும் குளமும் வரைந்திருந்தது. முன்னால் பெரிய பூப்போட்ட புடவையில் ஒரு பெண்மணி, பருமனானவர், ஒரு கையை அட்டைத் தூண் மேல் வைத்து நின்றிருந்தார். சிரிக்கவில்லை. இரண்டாவது படத்தில் கொடி மாதிரி ஒரு பெண். பல் தெரியச் சிரிப்பு. முகம் பாதி திரும்பியிருந்தது.

“ரெண்டும் ஒரே ஆளா சார்?” என்று கேட்டேன்.

“அதுதானே சார் நம்ம ட்ரீட்மெண்ட்டே!”

இரண்டு படத்திலும் காது தெரிந்தது. இரண்டும் ஒரே காது இல்லை. நான் பிழை திருத்துகிறவன்... ஒரு துணைக்கால் விடுபட்டால்கூடக் கண்ணில் பட்டுவிடும். காது மாறினது படாதா? பட்டது. பேசாமல் இருந்தேன். பேசுவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

ஒரு டீயை வரவழைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

‘முன்பு... சோம்பல்! தாழ்வு மனப்பான்மை! எதிலும் பிடிப்பின்மை! கட்டிய கணவரே வெறுத்த கொடுமை! ஆம்... இவர் உயிரோடு இருந்தார், வாழவில்லை! பின்பு... சுறுசுறுப்பு! தன்னம்பிக்கை! புன்னகை! ஆம்... இவர் மறுபடி பிறந்தார்!’

இருபது நிமிஷம். அந்தப் பெண்மணியை நான் பார்த்ததில்லை. பேர் தெரியாது. ஊர் தெரியாது. ஆனால் அவர் மனசுக்குள் என்னென்ன இருக்கிறது, அவர் வீட்டுக்காரர் அவரை என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ‘உயிரோடு இருந்தார், வாழவில்லை’ என்ற வரியை நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து ரசித்தேன்.

“உள்ளத்தைத் தொட்டுட்டீங்க சார்” என்றார் டாக்டர். யாருடைய உள்ளத்தை?

ஐயாயிரம் நோட்டீஸ் அடித்தோம். பேப்பரோடு செருகி வீடு வீடாகப் போனது. அம்பத்தூர் ஸ்டேஷன் சுவரிலிருந்து ஆவடி டீக்கடைகள் வரை ஒட்டினார்கள்.

அந்தப் பெண்மணியின் பெயர் மார்த்தா. ஆவடியைத் தாண்டி நெமிலிச்சேரியில் வீடு. கணவர் சேவியர், ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். மார்த்தா எஸ்டேட்டில் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கராக இருந்தார். தைத்து வரும் சட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, தையல் கோணல், பட்டன் தளர்வு என்று ஒதுக்க வேண்டும். ஒன்பது வருஷ சர்வீஸ். அவர் கையைத் தாண்டிப் போன சட்டை கப்பல் ஏறித் திரும்பி வந்ததில்லை என்று கம்பெனியிலேயே பேச்சு. அந்தச் சமயம் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை இண்டர்வியூ. மார்த்தாவுக்குத்தான் என்று எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை. எப்போதும்போல ரயிலை விட்டு இறங்கி ஸ்டேஷன் வாசலுக்கு வருகிறார். சுவரில் அவரே நிற்கிறார்! கூட வந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி சத்தமாகப் படித்தாள். ‘கட்டிய கணவரே’ வந்ததும் நிறுத்திவிட்டாள். இன்னொருத்தி கிழித்துப் போடக் கையை நீட்டினாள்.

“கியிக்காத” என்றார் மார்த்தா. கிழியாமல் ஓரம் ஓரமாகப் பிய்த்தெடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். செக்கர் இல்லையா? குறையுள்ள சரக்கை எதற்குக் கிழிக்க வேண்டும், ஆதாரத்துக்கு ஆகும்!

படம் எது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாண நாளன்று ஆவடிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. ஜோடியாக எடுத்து முடித்ததும் சேவியர்தான், “தனியா ஒண்ணு நில்லு, நல்லாக்கீற” என்று நிறுத்தினாராம். ஏன் சிரிக்கவில்லை? போட்டோகிராபர் சொன்னாராம், “சிரிக்காதீங்கம்மா, கன்னம் பெருசா தெரியும்” என்று. பிறகு அந்த நெகட்டிவை அதே மகானுபாவர் டாக்டருக்குக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இண்டர்வியூவில் மேனேஜர் மேஜைமேல் ஃபைல் இருந்தது. ஃபைலுக்கு மேல் நோட்டீஸ் இருந்தது.

“என்னம்மா, ட்ரீட்மெண்ட் எல்லாம் எடுத்துக்கிட்டீங்களாமே... ஒண்ணும் தெரியலையே?” என்றாராம் மேனேஜர். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். மேனேஜர் ஜோக்குக்குச் சிரிப்பதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதானே!

“நான் அந்த எடத்துக்கே போனதில்ல சார். ஸ்டூடியோலேர்ந்து படத்தைத் தூக்கிப் போட்டுக்கீறாங்க.”

“சரி, இருக்கட்டும். ஆனா சூப்பர்வைசர்னா நாலு லைனையும் சுத்தி வரணும். ஆக்டிவா இருக்கணும். ஒரு பர்சனாலிட்டி வேணும்...”

“ஒம்போது வருசத்துல நான் எத்தினி நாள் லீவு போட்டேன்னு அந்த ஃபைல்ல கீது சார். அத்தப் பாருங்க.”

அவர் ஃபைலைப் பார்க்கவில்லை. நோட்டீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பதவி, சேர்ந்து இரண்டே வருஷம் ஆன ஒருவருக்குப் போனது. அவர் ஒல்லி. வேறு தகுதி இருந்ததாக யாருக்கும் தெரியாது.

கவனியுங்கள். ஒன்பது வருஷம் ஒரு மனுஷியைக் கண்ணால் பார்த்தவர், அவளைப் பற்றி நம்பியது யாரை? அவளைப் பார்த்தே இராத என்னை! அச்சில் வந்துவிட்டால் நம் ஊரில் எதற்கும் அப்படி ஒரு மரியாதை.

வீட்டிலாவது நிம்மதி இருந்ததா? சேவியருக்குப் பட்டறையில் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். ‘கட்டிய கணவர்’. “யோவ் கட்டிய கணவரே, அந்த ஸ்பானரை எடு” என்று நாள் முழுக்க. மனுஷன் நொந்துபோய் வீட்டுக்கு வந்தார்.

“பேசாத நாலு நாளு ஊட்ல இரு. அடங்கிடும்” என்றாராம்.

“ஊட்ல குந்திகினா, அதுல எயுதிக்கீறது நெசம்னு ஆய்டும்யா.”

“ஊரே சிரிக்குது, மார்த்தா.”

“ஊரு சிரிச்சப்போ நீ இன்னா பண்ண?”

சேவியர் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மேனேஜர் அறையில் கேட்ட சிரிப்பைவிட இதுதான் தன்னை அறுத்தது என்று மார்த்தா பிறகு என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம். அச்சகத்தில் நான் மட்டும் இருந்தேன். முதலாளி வெளியே போயிருந்தார். ஷட்டர் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு உருவம் வந்து நின்றது. நிமிர்ந்தேன். பூப்போட்ட புடவை இல்லை. ஆனால் அதே முகம்.

நோட்டீஸை நீட்டினார். நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் எறும்பு சைஸில் இருக்கும். அதுவரை அதை யாரும் படித்ததில்லை. அவர் படித்திருந்தார்.

“சார், இத்த எயுதினது யாரு?”

உங்களுக்கு ஒரு உண்மை சொல்கிறேன். மன உறுதி என்பது எடையில் இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. எனக்கு அப்போது ஐம்பது கிலோகூட இல்லை. அத்தனை கிலோவும் நடுங்கியது.

“அவர்... அவர் லீவுங்க” என்றேன்.

“எப்ப வருவாரு?”

“தெரியாதுங்க.”

“சரி. குந்திக்கினு இருக்கேன்.”

பேப்பர் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். நான் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலியை ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வரியை ஒரு மணி நேரம் பார்த்தேன்! குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, “நல்லா இருப்பா” என்றார்.

கிளம்பும்போது சொன்னார், “அவரு வந்தா சொல்லிடு தம்பி. என் ஊட்டுக்காரரு என்னை வெறுக்கலன்னு. மீதிய நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்ள நேராக டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் முதலில், அது பம்பாய் மாடலின் படம் என்றாராம். “பம்பாய் மாடலு என் புடவைய ஏன் சார் கட்டினுக்கீறா?” என்று கேட்டதும், தொனி மாறியது. மூன்று மாசம் இலவசமாக சிகிச்சை தருகிறேன் என்றாராம். என்ன பெருந்தன்மை! மார்த்தா கேட்டது ஒன்றுதான். இதே அளவு நோட்டீஸ், இதே படத்தோடு, எழுதியது பொய் என்று போட வேண்டும். டாக்டர் சிரித்தார்.

திங்கட்கிழமையிலிருந்து மார்த்தா வேலை விட்டதும் ரயிலுக்குப் போகவில்லை. மருந்துக்கடை மாடி ஏறி, நிலையத்தின் வரவேற்பறை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கம்பெனியிலேயே புடவை மாற்றிக்கொண்டு... அதே பூப்போட்ட புடவை!

எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் இரண்டாவது ஐயாயிரத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். ப்ரூஃபை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் போனேன். கதவைத் திறந்தால், பெஞ்சில் அவர்.

“இன்னா தம்பி, நீயும் குறைக்க வந்துக்கீறியா?” என்றார். நான் ப்ரூஃபை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அப்போது ஒரு நடுவயதுத் தம்பதி உள்ளே வந்தார்கள். கணவர் கையில் நோட்டீஸ். நோட்டீஸைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். மறுபடி நோட்டீஸைப் பார்த்தார்.

“ஏம்மா, இது நீங்கதானே?”

“ஆமா. நாந்தான்.”

“குறைஞ்சிட்டதா போட்டிருக்கே?”

“எங்க குறைஞ்சிக்கீறேன்? நீங்களே பாத்து சொல்லுங்க.”

கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் துப்புமே, அந்த அட்டை. அன்று காலை தேதி. தொண்ணூற்று நாலு கிலோ. அட்டையின் பின்பக்கத்தில் ஆளின் குணம் ஒரு வரி அச்சடித்திருக்கும் இல்லையா? ‘நீங்கள் எளிதில் கோபப்படுபவர்’ என்று வந்திருந்தது. அந்த மெஷினும் என் ஜாதிதான். ஆளைப் பார்க்காமலே எழுதும்.

தம்பதி இறங்கிப் போய்விட்டார்கள். மார்த்தா கத்தவில்லை. அழவில்லை. சாபம் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொன்னார். மற்ற நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னார், “பார்த்தீங்களா சார்? இதான் தாழ்வு மனப்பான்மை!”

என் சொல்லையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். ப்ரூஃபில் கையெழுத்து வாங்காமலே இறங்கிவிட்டேன். ‘இதை எழுதியவன் நான்தான்’ என்று போகிற வழியில் மார்த்தாவிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்களா? சொல்லவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் போலீசைக் கூப்பிட்டார். வந்த கான்ஸ்டபிளுக்குத் தொப்பை, பெல்ட்டுக்கு மேலே வழிந்தது. மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. இதை மருந்துக்கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“இன்னாம்மா, இங்க இன்னா தகராறு?”

“தகராறு ஒண்ணும் இல்ல சார். குந்திக்கினுக்கீறேன்.”

கான்ஸ்டபிள் டாக்டரைப் பார்த்து, “பெஞ்சு யாரு போட்டது?” என்று கேட்டார்.

“நான்தான் சார்.”

“எதுக்குப் போட்டீங்க?”

“வர்றவங்க உட்காரத்தான்...”

“அவங்க வந்தாங்க, குந்திக்கினாங்க. இதுக்கு என்னை ஏன்யா மாடி ஏத்தின?”

மறுநாள் பெஞ்சு இல்லை. டாக்டரின் மூளைக்கு எட்டிய தீர்வு அதுதான். மார்த்தா இறங்கி வந்து, மாடிப்படிக்குக் கீழே, மருந்துக்கடை ஓரமாக நின்றார். ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்த கால். சனிக்கிழமையும் நின்றார். அடுத்த திங்கள், செவ்வாயும் நின்றார். கால் வீங்கிப்போனது. தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். “உடம்பு குறைய இது நல்ல வழி” என்று ஒருவன் ஜோக் அடித்துவிட்டுப் போனான். நம் ஊர் நகைச்சுவைக்குப் பஞ்சமே கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு மடக்கு நாற்காலிகள். ஓட்டி வந்தவர் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். சேவியர். நெமிலிச்சேரியிலிருந்து அப்படியே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். அன்று நான் எதிர்ச்சாரி டீக்கடையில் ஒளிந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், ஒளிந்துகொண்டுதான்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். ஒரு நாற்காலியை விரித்து மார்த்தாவுக்குப் பின்னால் வைத்தார்.

“எதுக்குய்யா ரெண்டு?” என்றார் மார்த்தா.

“இன்னொண்ணு எனுக்கு.”

மார்த்தா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சேவியரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சேவியர் தன் கைக்குட்டையால் மார்த்தாவின் நாற்காலிக் காலடியில் கிடந்த வெற்றிலை எச்சில் காகிதத்தை எடுத்து ஓரமாகப் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. எதிர்ச்சாரியில் என் டீ ஆறிப்போய்விட்டது.

நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், ‘வெறுத்த கணவரையும்’ சேர்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்று நாளில் டாக்டர் எங்கள் அச்சகத்துக்கு ஓடி வந்தார். மறுப்பு நோட்டீஸ் போட வேண்டும். “நல்லா எழுதுங்க சார், அந்தம்மா மனசு குளிர்ற மாதிரி!” என்றார்.

எனக்கு அது பிராயச்சித்தமாகத் தோன்றியது. ராப்பகலாக யோசித்து எழுதினேன். ‘ஆம்... இவர் தன்னம்பிக்கையின் சிகரம்! துணிவின் மறுபெயர்! உடல் பெரிது... உள்ளமோ அதைவிடப் பெரிது!’ எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. மறுநாள் சாயங்காலம் மாடிப்படிக்குப் போய் மார்த்தாவிடம் கொடுத்தேன்.

படித்தார். செக்கர் படிக்கிற மாதிரி, தையலைத் தடவுகிற மாதிரி, ஒவ்வொரு வரியாக. பையிலிருந்து பழைய நோட்டீஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதே ஆம். அதே மூணு புள்ளி” என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அன்னிக்கு லீவுல போயிருந்தது நீதானா?”

“ஆமாங்க.”

சேவியர் எழுந்தார். மார்த்தா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்கு ஒரு அறை விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தண்ணி குடுத்தியே... அப்பயாவது சொல்லிக்கலாம்ல?”

சொல்ல என்ன இருக்கிறது?

அவர் என் புது வாசகத்தை விரலால் தட்டினார். “அதுல சோம்பேறின்ன. இதுல சிகரம்ன்ற. ரெண்டு வாட்டியும் நீ என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல. எனுக்கு அன்னிக்கு ஸ்டேசன்ல கால் நடுங்கிச்சு, தெரியுமா? ஊட்டாண்ட பாத்ரூம்ல குந்திகினு அய்தேன். இங்க வந்து நிக்க டெய்லி பயமாத்தான் இருந்துச்சு. உனுக்கு இன்னா தெரியும் என்னப் பத்தி?”

“நீங்களே சொல்லுங்க. எழுதிக்கிறேன்” என்றேன்.

சொன்னார். நாலு வரி. ‘இந்தப் படத்தில் இருப்பது நான். நான் இந்த நிலையத்துக்கு சிகிச்சைக்கு வந்ததில்லை. என்னைப் பற்றியும் என் கணவரைப் பற்றியும் எழுதியது பொய். படம் என் அனுமதி இல்லாமல் போட்டது.’ ஆச்சரியக்குறி வைக்க இடமே இல்லை. நான் எழுதியதிலேயே நல்ல தமிழ் அதுதான். அதை நான் எழுதவில்லை.

ஐயாயிரமும் அடித்தோம். டாக்டர் பாதி போதும் என்று முதலாளியிடம் கிசுகிசுத்திருக்கிறார். மார்த்தா நேரில் வந்து, கட்டுக் கட்டாகப் பிரித்து, மங்கலாக விழுந்தவற்றை ஒதுக்கி, வேறு அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இதற்குப் பிறகு நியாயம் ஜெயித்தது என்று நான் எழுத வேண்டும். நீங்களும் எதிர்பார்ப்பீர்கள். அந்த டாக்டர் ஆறு மாசத்தில் கடையை மூடினார் – பூந்தமல்லியில் வேறு பெயரில் திறந்தார். கூட்டம் அங்கேயும் போனது. மேனேஜர் மறுப்பு நோட்டீஸைப் படித்தார், “ஓ, அப்படியா” என்றார். ஒல்லி சூப்பர்வைசர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று கேள்வி. மார்த்தா இன்னும் மூன்று வருஷம் அதே மேஜையில் சட்டை புரட்டினார். பிறகு திருமுல்லைவாயல் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் அவரைக் கேட்டுக் கூப்பிட்டு, செக்கிங் பிரிவு முழுவதையும் கொடுத்தார்கள். அங்கே யாரும் நோட்டீஸ் படித்திருக்கவில்லை. ஃபைலைப் படித்திருந்தார்கள்.

பருமனானவர்களுக்கு மன உறுதி இல்லை என்கிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ‘அவர்களுக்குத்தான் மன உறுதி ஜாஸ்தி’ என்று தோளில் தட்டிக்கொடுக்கிறவர்களையும் பிடிக்கவில்லை. ரயிலில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், ஜவுளிக்கடையில் பார்க்கிறவனெல்லாம் ஒரு சொல் எறிவான், அதைத் தாங்கிக்கொண்டு மறுநாளும் அதே ரயிலில் ஏற வேண்டும். ஏறுகிறார்களே, அதற்குப் பெயர் மன உறுதியாம்! எறிகிறவனுக்கு ஒரு பெயர் வைத்து எந்த நிபுணராவது முகாம் போட்டுப் பேசியிருக்கிறாரா?

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அப்படியே பத்திரிகைக்கு அனுப்பவில்லை. நேற்று நெமிலிச்சேரிக்குப் போனேன். மார்த்தாவிடம் படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரை படித்தார். சேவியர் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். மார்த்தா இரண்டு இடத்தில் பேனாவால் அடித்தார். இரண்டும் அவரை நான் புகழ்ந்த இடங்கள்.

“போட்டுக்கலாமா?” என்று கேட்டேன்.

“போட்டுக்கோ. பேர மட்டும் மாத்திடு” என்றார். வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“வெயிட்ட மாத்தாத!”